உள்ளே ஆள் இருக்கிறார்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கொலையிலிருந்து பிறந்தது. கொலை என்பது கொஞ்சம் பெரிய சொல்தான். [சின்னதாக ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் மாற்றிவிடுவேன்.]

இறந்தவர் பெயர் சம்பந்தி. ஒரு கண்ணாடி ஜாடியில் குடியிருந்தார். கோதுமை மாவும் தண்ணீரும் சாப்பிட்டார். வயது மூன்று. ரொட்டி புளித்து எழும்புவதற்காக வீட்டில் வளர்க்கும் மாவு அவர். ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஸ்டார்டர் என்பார்கள்.

இந்தக் கதைக்கு இரண்டு வாசகர்கள். ஒருவர் நீங்கள். முதல் வரியிலிருந்து ஒழுங்காக வருகிறீர்கள், நல்ல வளர்ப்பு. இன்னொருத்தி என் அக்கா. அவள் எந்தக் கதையையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவாள். முடிவு பிடித்திருந்தால் ஆரம்பத்துக்கு வருவாள், இல்லையென்றால் மூடிவைத்துவிடுவாள். ஏன் என்று கேட்டால், "ஒரு வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி பின்வாசல் எங்க இருக்குன்னு பாத்துக்க வேணாமா?" என்பாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களைச் சுவரில் தொங்கும் அட்டைக்கு எதிரே உட்காரவைத்து, "கடைசி வரியைப் படிங்க" என்று நாள் முழுக்கச் சொல்வதுதான் என் பிழைப்பு.

2

இதற்கு முன் இரண்டு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "ஜன்னல் கண்ணாடியில் பனி தன் நெற்றியைச் சாய்த்திருந்த அந்த மாலையில், ஜாடிக்குள் ஒரு சிறு குமிழி, எவருக்கும் சொல்லப்படாத தன் கடைசி மூச்சை—"

நிறுத்திவிட்டேன். எங்கள் ஜன்னலுக்கு வெளியே பனி எதுவும் இல்லை. எதிர்மாடித் தண்ணீர்த் தொட்டியும் அதன்மேல் ஒரு ஒற்றைச் செருப்பும்தான் இருக்கின்றன. மொழிபெயர்ப்பு நாவல்களையே படித்துப் படித்து, எனக்கு வரும் வாக்கியங்களெல்லாம் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டுதான் வருகின்றன.

இரண்டாவது: "அத்தான்தான் கொன்றார்."

இதை எழுதும்போது அத்தான், அதாவது அக்காவின் கணவர், என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டார்.

"ஏம்மா, உண்மைதான். இருந்தாலும் முதல் வரியிலயேவா? ரெண்டாம் பக்கத்துல கொன்னாப் போதாதா?"

"வாசகர் கவனம் சிதறாம இருக்கணும்ல அத்தான்?"

"அது சரி," என்று முகம் சுருங்கிப் போனார். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏன் என்பது ஆறாம் பகுதியில் தெரியும். [பின்வாசல் பக்கம் ஓடாதீர்கள்.]

3

அக்கா பல் செய்கிறவள். ஒரு லேபில் எட்டு வருடமாக, மெழுகில் வடித்து, அரைத்து, மெருகேற்றி, முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் பல் செட். "ஊருக்கெல்லாம் பல்லு செஞ்சு குடுக்கறேன். கடிக்க ஒண்ணு செஞ்சு குடுத்தா என்ன?" என்று ஒருநாள் கேட்டாள். கேட்ட கையோடு மாவையும் தண்ணீரையும் சம எடையில் கலந்து ஜாடியில் ஊற்றி வைத்தாள். முதல் ஜாடி பூஞ்சை பிடித்தது. இரண்டாவது நாறியது. மூன்றாவது, ஏழாம் நாள் காலையில், அவள் சுற்றிப் போட்டிருந்த ரப்பர் பேண்டைத் தாண்டி இரண்டு விரற்கடை ஏறி நின்றது.*

பெயர் வைத்தவர் அத்தான். "நேரத்துக்குச் சாப்பாடு போடணும். ஒருவேளை தவறினா முகம் கறுத்துப்போகுது. ரெண்டு நாள் கவனிக்கலைன்னா தண்ணி விட்டுக்கிட்டு, ஒரு வாடை வேற. நல்லாக் கவனிச்சாலும் பொங்கிப் பொங்கி வெளிய வருது. இது மாவு இல்ல, சம்பந்தி."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் "சம்பந்திக்குப் போட்டாச்சா?" என்று கேட்காத காலை கிடையாது.

மூன்று வருடம் சனிக்கிழமை தோறும் ரொட்டி. இரண்டு மாதத்துக்கு முன் அக்கா, எங்கள் பேருந்துத் தடத்தின் கடைசி நிறுத்தத்தில் இருக்கும் ரொட்டிக் கடைக்குப் போய் வேலை கேட்டாள். கடைக்காரர் மாவுக் கையைத் துடைக்காமலே பேசினாராம்.

"ஆள் வேணும்தான். ஒரு ரொட்டி செஞ்சு கொண்டாங்க, அது பேசட்டும். உங்க மாவுக்கு என்ன வயசு?"

"மூணு வருஷம்."

"மூணு வருஷம் ஒண்ணைச் சாகாமக் காப்பாத்தியிருக்கீங்கன்னா, என் கடையையும் காப்பாத்திடுவீங்க."

இதை அக்கா வீட்டுக்கு வந்து நான்கு முறை சொன்னாள். நான்காவது முறை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஏனென்றால் லேபில் புது மெஷின் ஒன்று வரப்போகிறது. அதுவே பல் செய்யும். அக்கா அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எப்படிப் பார்த்துக்கொண்டு உட்காருவது என்பதற்கு வேறு ஊரில் ஐந்து வாரப் பயிற்சி.

ரொட்டிக் கடைக்காரர், அவள் திரும்பி வந்தபின் புதன்கிழமை நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். அக்கா ஜாடியை என்னிடம் ஒப்படைத்தாள்.

"உங்க அத்தானை நம்பி ஒரு செடியைக்கூட விட்டுட்டுப் போக முடியாது. உன்னை நம்பித்தான் போறேன்டி."

"என்னை எதை வெச்சு நம்பறே?"

"நீ இவ்ளோ கதை படிக்கிறே. ஒண்ணு சாகக் கிடந்தா உனக்குத்தான் முதல்ல தெரியும்."

* ரப்பர் பேண்ட் மாவின் மட்டத்துக்கு அடையாளம். அதிலிருந்து எவ்வளவு ஏறியது என்று பார்த்து அவர் உடல்நிலையைத் தெரிந்துகொள்ளலாம். எனக்கும் ஒன்று மாட்டி, ஒரு நாளில் எத்தனை பக்கம் எழுதுகிறேன் என்று அத்தான் அளக்கப் பார்த்தார். ஏறவில்லை.

4

அக்கா எழுதிவைத்த தாளில் முதல் விதி: "தினமும் காலையில் பாதியை எடுத்துக் கொட்டு. மிச்சம் எவ்வளவோ, அதில் பாதி எடை மாவு, பாதி எடை தண்ணீர்."

எனக்குக் கொட்ட மனம் வரவில்லை. உயிரோடு இருப்பதில் பாதியைச் சாக்கடையில் ஊற்றுவதா? [இதே விதியை இந்தக் கதைக்கும் வைத்துக்கொண்டேன். தினமும் பாதியைக் கிழித்துப் போடுகிறேன். அதற்கு மனம் வருகிறது.]

அத்தான் பைண்டர். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சின்னக் கடை. பிரிந்துபோன புத்தகங்களுக்கு முதுகு போட்டுக் கொடுப்பார். அப்போது நான் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்க நாவல் ஒன்றைப் பழைய புத்தகக் கடையிலிருந்து வாங்கி வந்திருந்தேன். ஒரு பெண், சின்ன ரயில் நிலையத்தில், வருமா வராதா என்று தெரியாத ஒரு ரயிலுக்காகக் காத்திருக்கிறாள். மொத்தக் கதையும் அவ்வளவுதான். அபாரமாக இருந்தது. அக்கா ஊருக்குப் போவதற்கு முதல்நாள் அதன் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு "அப்படியா!" என்று மூடிவைத்தாள். அந்த "அப்படியா"வுக்கு என்ன அர்த்தம் என்று நான் காதைப் பொத்திக்கொண்டு கேட்காமல் இருந்தேன்.

புத்தகத்தின் முதுகு பிளந்து, கடைசித் தாள்கள் கழன்றிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தானிடம் நீட்டினேன்.

"பசை கடையில இருக்கும்மா. நாளைக்குப் போட்டுத் தர்றேன்."

"இதோ பசை," என்று சம்பந்தியின் கொட்ட வேண்டிய பாதியை எடுத்து வைத்தேன்.

"ஐயய்யோ, இது காய்ச்சாத மாவு. இதுல ஒட்டினேன்னு வெளிய தெரிஞ்சா என்னை எவனும் பைண்டர்னு சொல்ல மாட்டான். பூச்சி வரும். நாங்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவோம். அந்த விஷத்துக்குத்தான் பூச்சி அண்டாது."

"வீட்டுக்குள்ள யார் அத்தான் பாக்கப் போறாங்க?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பிறகு விரலாலேயே எடுத்து, முதுகு நெடுகவும் கடைசித் தாள்களின் நடுவிலும், கல்யாண வீட்டில் பரிமாறுகிறவர் மாதிரி தாராளமாகத் தடவினார்.

5

[இந்தப் பகுதி கொட்டப்பட்டது. இதில் அத்தானின் அலட்சியத்துக்குச் சான்றாக ஆறு நிகழ்ச்சிகள் இருந்தன. எல்லாம் உண்மை. எதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை.]

6

நான்காவது வாரம் குளிர் வந்தது. சம்பந்தி தூங்கி வழிந்தார். ரப்பர் பேண்டுக்கு மேல் ஏறவே இல்லை. அக்காவுக்குப் போன் செய்தேன்.

"ஓவனுக்குள்ள வைடி. ஓவனைப் போடாதே. உள்ள இருக்கிற பல்ப் மட்டும் எரியட்டும், அந்தச் சூடு போதும் அவருக்கு. கதவுல ஒரு சீட்டு எழுதி ஒட்டு. உங்க அத்தான் கண்ணுல படற மாதிரி."

மஞ்சள் ஒட்டுச்சீட்டில் "உள்ளே ஆள் இருக்கிறார்" என்று எழுதி, ஓவன் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். நன்றாக வேலை செய்தது. அத்தான் மூன்று நாளும் ஓவனைத் தட்டிவிட்டு, "பரவால்ல, மெதுவா வாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. சமையலறையில், ஓவனில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து நாவல் படித்துக்கொண்டிருந்தேன். ஐந்நூற்று எண்பத்தெட்டாம் பக்கம். தூரத்தில் ஒரு விளக்கு தெரிகிறது. ரயிலா, வேறு ஏதாவதா என்று அந்தப் பெண் எழுந்து நிற்கிறாள். அந்த நேரம் பார்த்து வாசலில் மணி அடித்தது. பக்கத்தில் அடையாளம் வைக்க—

[இந்த வாக்கியத்தை முதல் இரண்டு வரைவுகளில் இந்த இடத்தோடு விட்டுவிட்டேன். இப்போதும் விட்டுவிடலாம்.]

—கையை நீட்டினேன். ஒரு மஞ்சள் சீட்டு அகப்பட்டது. உள்ளே வைத்து மூடினேன். எந்தச் சீட்டு என்று கை பார்க்கவில்லை. கை பார்க்காததை நானும் பார்க்கவில்லை.

வந்தவர் மீட்டர் பார்ப்பவர். மீட்டர் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. அவரோடு இறங்கிப்போய்ப் பெட்டியைத் திறந்துவிட்டு, கட்டடம் முழுவதற்கும் அவர் எழுதி முடிக்கும்வரை நின்று, முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தேன். அதற்குள் அத்தான் பசியோடு கடையிலிருந்து வந்து, பழைய ரொட்டியைச் சூடு பண்ணுவதற்கு, திறந்து பார்க்காமலே ஓவனை முழு வேகத்தில் போட்டுவிட்டு, குளித்து முடித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். பல்ப் எரிந்ததே என்று பின்னால் கேட்டதற்கு, "யாரோ அணைக்க மறந்துட்டாங்கன்னு நெனச்சேம்மா," என்றார்.

நான் உள்ளே வந்ததும் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: "நல்லா வாசனை வருதே அத்தான், யார் வீட்ல?"

ஓவனைத் திறந்தபோது ஜாடி இரண்டாக வெடித்திருந்தது. நடுவில், ஜாடியின் வடிவத்திலேயே, பொன்னிறமாக, சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். வாழ்நாளில் அவர் அவ்வளவு உயரம் எழுந்ததே இல்லை.

அத்தான் விரலால் தட்டிப் பார்த்தார். "உள்ளயும் வெந்துருச்சு," என்றார், மிக மெதுவாக.

"சீட்டு ஒட்டியிருந்தேனே, பாக்கலையா?"

"எந்தச் சீட்டு?" என்று ஓவன் கதவைத் தடவினார். பிறகு முட்டி போட்டு ஓவனுக்கு அடியில் பார்த்தார். நானும் முட்டி போட்டுத் தேடினேன். "விழுந்திருக்கும்," என்றேன். சத்தியமாக, அப்போது எனக்குத் தெரியாது.

பத்து நிமிடம் கழித்துத் தெரிந்தது.

7

அக்காவின் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் அடியில் பொடி எழுத்தில்: "ஏதாவது ஆகிவிட்டால் பயப்படாதே. எங்காவது மாவு காய்ந்து ஒட்டியிருக்கும். சுரண்டி வெதுவெதுப்பான தண்ணீரில் போடு. எழுந்துகொள்வார்."

எங்கும் ஒட்டியிருக்கவில்லை. பாத்திரம் துலக்குவதில் மட்டும் அத்தான் படுசுத்தம். கரண்டியைப் பார்த்தோம், தராசின் அடியைப் பார்த்தோம். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேஜைமேல் இருந்த நாவலைப் பார்த்தோம்.

"முதுகு," என்றார் அத்தான்.

"நான் எடுத்துத் தர்றேன்," என்று பாய்ந்து எடுத்தேன். எடுத்தபோது அது தானாக ஐந்நூற்று எண்பத்தெட்டில் திறந்துகொண்டது. மஞ்சளாக. என் கையெழுத்தில்.

அத்தான் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். சீட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

[இங்கே ஒரு பத்தி தன்னிரக்கம் இருந்தது. பாதியைக் கொட்டினேன். மிச்சப் பாதியையும் கொட்டினேன்.]

"அத்தான், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அன்னைக்கு மயில்துத்தம் போட்டீங்களா, இல்லையா?"

"வீட்டு வேலைக்கு எவன் போடுவான்? போடலை. போட்டிருக்க மாட்டேன். இரு, போட்டேனா?"

"இது ரொட்டிக்குள்ள போகப்போற சமாச்சாரம் அத்தான்."

அவர் புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்து முதுகோரம் பார்த்தார். மெல்ல அவர் முகம் மலர்ந்தது. ஆறாவது தாளின் விளிம்பில், ஊசி முனையளவு, ஓர் ஓட்டை. பூச்சி அரித்திருந்தது.

"பாத்தியா? பூச்சி வந்திருக்கு! துத்தம் போட்டிருந்தா வருமா?" இருபது வருட பைண்டர் ஒருவர், தான் ஒட்டிய புத்தகத்தில் பூச்சி இருப்பதற்கு அப்படிச் சந்தோஷப்பட்டதை உலகத்தில் வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதுகிலிருந்து அரைக் கரண்டிப் பொருக்கு கிடைத்தது. போதாது. மிச்சமெல்லாம் கடைசிப் பதினாறு பக்கங்களுக்கு நடுவில் இறுகியிருந்தது. அவற்றைத் தண்ணீரில் ஊறப்போட்டால்தான் வரும். ஊறினால் தாள் கூழாகிவிடும்.

"நீ இன்னும் முடிவு படிக்கலையேம்மா?"

"எடுத்துக்கங்க அத்தான்," என்றேன். அவர் என்னைத் தியாகி போலப் பார்த்தார். அந்தப் பார்வை என் சட்டைப் பையைச் சுட்டது.

8

ஊறிய தண்ணீரை வடிகட்டி, மாவு கலந்து புது ஜாடியில் வைத்தோம். மூன்று நாள் ஒன்றுமில்லை. நான்காம் நாள் ஒரு குமிழி. ஆறாம் நாள் இரண்டு மடங்கு. எட்டாம் நாள் அதில் ஒரு சின்ன ரொட்டி சுட்டு நானும் அத்தானும் ஆளுக்குப் பாதி சாப்பிட்டோம். இதை எழுதும்வரை இருவரும் நலம்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. வெறும் மாவையும் தண்ணீரையும் கலந்துவைத்தாலும் ஒரு வாரத்தில் குமிழி வரும். மாவுக்குள்ளேயே இருக்கும் உயிர்கள் போதும். அக்காவுக்கு மூன்று வருடத்துக்கு முன் அப்படித்தான் வந்தது. ஆக, இப்போது ஜாடியில் இருப்பவர் புத்தகத்திலிருந்து எழுந்துவந்த பழைய சம்பந்தியா, அல்லது அவர் பெயரில் குடியேறிய யாரோ ஒருவரா? கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. தினமும் பாதி கொட்டினால் ஒரு வாரத்தில் பழையதில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அப்படிப் பார்த்தால் மூன்று வருடமாகவே பழைய சம்பந்தி இல்லை. அக்கா காப்பாற்றியது எதை?

"ரொம்ப யோசிக்காதேம்மா," என்றார் அத்தான். "நான் முதுகு மாத்தற புத்தகத்தையெல்லாம் அதே புத்தகம்னுதானே வாங்கிட்டுப் போறாங்க?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"இளைச்சிட்டாரே?"

"நீ இல்லாத ஏக்கம்," என்றார் அத்தான், சுவரைப் பார்த்து.

"கோபமும் கொறைஞ்சிருக்கு. முன்னாடி திறந்தா மூஞ்சியில அடிக்கும்." பிறகு என் தலையில் கை வைத்தாள். "ஜாடி மாறியிருக்கு. உடைச்சிட்டியா? போகட்டும். ஆளை நல்லாப் பாத்துக்கிட்டேடி."

நான் அழுதுவிடுவேன் என்று பயந்து சிரித்துவிட்டேன்.

9

இன்று புதன். காலையில் ரொட்டி சுட்டாயிற்று. கம்பித் தட்டில் ஆறிக்கொண்டிருக்கிறது. மேலே அக்கா கத்தியால் கீறிய ஒற்றைக் கோடு, சரியாக வாய் திறந்திருக்கிறது. அவள் தலைவாரிக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஒரு முடிவு வேண்டும்.

அ. எதுவும் சொல்வதில்லை. கடைக்காரர் வயது கேட்பார், அக்கா "மூணு வருஷம்" என்பாள், வேலை கிடைக்கும். ஒவ்வொரு காலையும் என் பொய்க்கு அவள் மாவும் தண்ணீரும் போடுவாள்.

ஆ. இப்போதே சொல்வது. எனக்கு அக்காவைத் தெரியும். யார் வாய்க்குப் போகும் பல்லிலும் ஒரு முடியளவு பொய் வைக்காதவள். ரொட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போய்விடுவாள்.

இ. சம்பந்தியே ஜாடியிலிருந்து எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு— [இல்லை. கோட்டு மாட்டிக்கொண்டு வருகிறது.]

"ஏண்டி," என்று அறையிலிருந்து அக்காவின் குரல். "பஸ்ல முக்கா மணி நேரம் போகணும். படிக்க ஏதாவது குடு. அந்த ரயில் நாவலைத் தாயேன், முதல்லேர்ந்து படிக்கறேன்."

அத்தானும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அது... பைண்டிங்ல இருக்கு," என்றார் அத்தான்.

"நான் எழுதினது ஒண்ணு இருக்குக்கா," என்றேன். "இன்னும் முடிக்கலை. கால் மணி நேரம் குடு."

ரொட்டியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தேன். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் சீட்டை எடுத்தேன். பதின்மூன்று நாளில் அதன் பசை போயிருந்தது. ஜாடியிலிருந்து துளி மாவைத் தொட்டுத் தடவி, பையின்மேல் ஒட்டினேன். நிமிர்ந்தால் அத்தான் நின்றுகொண்டிருந்தார். சீட்டை ஒருமுறை படித்தார். இன்னொருமுறை படித்தார்.

"இது எங்க இருந்துச்சு?"

"ஐந்நூத்து எண்பத்தெட்டாம் பக்கத்துல. நான்தான் அத்தான் எடுத்தேன். நீங்க ஓவனைப் போடறதுக்கு முன்னாடி."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் ஓவனையே நகத்திப் பாத்தேன்," என்றார். "பதிமூணு நாளா எனக்குக் கண்ணு தெரியலையோன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன். உன் கடைக்கு வந்து அட்டை படிச்சுப் பாக்கலாம்னுகூட இருந்தேன்."

"மன்னிச்சிருங்க அத்தான்."

"அதெல்லாம் அப்புறம்." கதையின் தாள்களைக் கையில் வாங்கி, நான்கு ஓரமும் தட்டிச் சமன் செய்து, நூல் எடுத்து முதுகில் மூன்று தையல் போட்டார். பசை போடவில்லை. "அந்த ரெண்டாவது தொடக்கத்தை மட்டும் அடிச்சிரு," என்றார்.

அடிக்கவில்லை. அவர் நல்லவர் என்பதற்கு அதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை. கடைசித் தாள் மட்டும் தைக்காமல் என்னிடம் இருக்கிறது. அதில் எழுதி உள்ளே செருக வேண்டும்.

10

அக்கா,

எப்போதும்போல் இங்கேயிருந்துதான் தொடங்குகிறாய். அதனால்தான் இங்கே முடிவு எதுவும் வைக்கவில்லை. பின்வாசல் இருக்கும் என்று நினைத்து வந்திருப்பாய். இதுதான் முன்வாசல்.

நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாய். மொத்தம் இருபத்திரண்டு நிறுத்தம். நீ இதைப் பிரிக்கும்போது நாலு போயிருக்கும். முதலிலிருந்து படித்துவர ஒரு பன்னிரண்டு ஆகும். மீதி ஆறு நிறுத்தம் உன்னுடையது. ஆறில் எதிலும் இறங்கித் திரும்பி வரலாம். கடைசிவரை போய், வயது கேட்டால் மூன்று வருடம் என்றோ பதின்மூன்று நாள் என்றோ சொல்லலாம். முழுக் கதையையும் கடைக்காரரிடமே படிக்கக் கொடுக்கலாம். பென்சில் பையின் ஓரத்தில் இருக்கிறது. எது நடந்ததோ அதை இதற்குக் கீழே எழுது. நான் ஒரு எழுத்தும் திருத்த மாட்டேன்.

ஒன்று மட்டும். அந்த நாவலின் கடைசிப் பதினாறு பக்கம் இப்போது உலகத்தில் இல்லை, நம் வீட்டைப் பொறுத்தவரை. ரயில் வந்ததா என்று தெரிந்தவள் நீ ஒருத்திதான். சம்பந்தி என்ன ஆனார் என்பதும் இனிமேல் உனக்குத்தான் முதலில் தெரியும். போன் செய்யும்போது இரண்டையும் சொல். எதை முதலில் என்பது உன் இஷ்டம். திட்டுவதாக இருந்தால் அதை மூன்றாவதாக வைத்துக்கொள்.

சரி, இப்போது முதல் பக்கத்துக்குப் போ. பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள். மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. இந்த முறை நான் அதை எடுக்கவில்லை. அதில் எழுதியிருப்பது உண்மைதானா என்று எனக்குத் தெரியாது.

நீ பார்த்துச் சொல்.